நினைவிடம் அரூரில் அமைய வேண்டும்

1992 ஜூன் 20 அன்று, தர்மபுரி மாவட்டம் சித்தேரி மலையடிவாரத்திலுள்ள வாச்சாத்திக்குள் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையைச் சேர்ந்த 269 பேர் புகுந்தார்கள். சந்தனக்கட்டை தேடி வந்ததாகச் சொன்னார்கள். ஊராரை வீடுகளிலிருந்து இழுத்துவந்து ஆலமரத்தடியில் உட்காரவைத்து அடித்தார்கள். பெண்களில் 18 பேரைப் பிரித்து ஏரிப்பக்கம் கொண்டுபோய் வன்புணர்வு செய்தார்கள். அவர்களில் பள்ளிக்கூடம் போகும் வயதுச் சிறுமியும் இருந்தாள். நீதிமன்றத்தில் நிரூபணமான இந்தச் செய்திகள் தமிழ்நாட்டில் பலருக்கும் தெரியும். பொழுது சாய்ந்தபின் நடந்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

ஊராரை லாரிகளில் ஏற்றி அரூர் வனத்துறை அலுவலகத்துக்குக் கொண்டுபோனார்கள். காட்டுக்குக் கணக்கு எழுதவும், அனுமதிச்சீட்டு வழங்கவும், அபராதம் வாங்கவும் ஏற்பட்ட அலுவலகம் அது. அன்று இரவு முழுக்க வாச்சாத்தியின் பெண்களும் குழந்தைகளும் ஆண்களும் அங்கேதான் அடைபட்டுக் கிடந்தார்கள். அடி தொடர்ந்தது. ஊர்க்கவுண்டரைத் துடைப்பத்தால் அடிக்கச் சொல்லி அவ்வூர்ப் பெண்களையே கட்டாயப்படுத்தினார்கள். ஓர் ஊரின் மரியாதை அத்தனையையும் ஒரே இரவில் குலைக்க அதைவிடத் தேர்ந்த வழி கிடையாது என்று தெரிந்தேதான் செய்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு 90 பெண்களும் 15 ஆண்களும் 28 குழந்தைகளும் சேலம் மத்தியச் சிறைக்குப் போனார்கள். சிறைக்குள் போனபின் அவர்களுக்கு எண் உண்டு, பதிவேட்டில் பெயர் உண்டு. ஆலமரத்தடியிலிருந்து சிறைவாசல் வரைக்குமான நேரத்துக்கு அந்த அலுவலகம் மட்டுமே இடம்.

நான் இதை எழுதுவது நாமக்கல் மாவட்டம் காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து. நாமக்கல்லில் புறப்படும் கொல்லிமலைப் பேருந்து இந்த ஊரைக் கடந்து காரவள்ளி அடிவாரம் சேர்ந்து, 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி மலைமேல் போகிறது. மேலே வாழும் மலையாளி மக்களும் வாச்சாத்தி மக்களும் ஒரே பழங்குடி. காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூவர் புறப்பட்டு, சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை என்று ஆளுக்கொரு மலையில் குடியமர்ந்ததாக அவர்களின் வாய்மொழிக் கதை சொல்கிறது. செம்மேட்டில் வல்வில் ஓரிக்குச் சிலை நிற்கிறது. ஆடி பதினெட்டையொட்டி அரசே விழா எடுக்கிறது. கொல்லிமலையை ஆண்ட ஒரு தலைவனைக் கொண்டாட ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டு பின்னோக்கிப் போக நமக்கு முடிகிறது. அந்த மலைமக்களின் பங்காளிகளை அரசின் அலுவலகம் ஒன்றில் அடைத்துவைத்து அடித்த இரவுக்கு முப்பது சொச்சம் ஆண்டுதான் ஆகிறது.

அந்த இரவு நடந்த இடத்தை நாம் எப்படி வைத்துக்கொள்ளப் போகிறோம் என்பதே என் கேள்வி. உலகின் வேறு நாடுகளில் இரகசியக் காவல்கூடங்களாக இருந்த கட்டடங்களைப் பொதுமக்கள் வந்து பார்க்கும் நினைவிடங்களாக ஆக்கியிருக்கிறார்கள். இந்தியாவில் அப்படியான பேச்சே குறைவு. எழுந்தாலும் அது பாதிக்கப்பட்டவர்களின் ஊரில் ஒரு தூணோ மண்டபமோ கட்டுவதோடு முடிகிறது. தவறு அங்கேதான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். வாச்சாத்திக்கான நினைவிடம் வாச்சாத்தியில் அமையக்கூடாது. அது அரூரில், வனத்துறை வளாகத்தில் அமைய வேண்டும்.

காரணத்தைச் சட்டத்திலிருந்து தொடங்கலாம். கைது செய்யப்பட்டவரை 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்று அரசமைப்பின் 22ஆம் பிரிவு சொல்கிறது. 1996 டிசம்பரில் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் விரித்துச் சொன்னது: கைதுக் குறிப்பு எழுத வேண்டும், அதில் சாட்சி கையெழுத்து வேண்டும், உறவினருக்குத் தகவல் போக வேண்டும், காவலில் இருப்பவரின் உடலிலுள்ள காயங்களைப் பரிசோதித்துப் பதிய வேண்டும். எல்லாமே காகிதம். ஒரு மனிதர் அரசின் கையில் இருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் காகிதம் இருந்தாக வேண்டும் என்பதே இந்த விதிகளின் உயிர். இரகசியக் காவல் என்பது காகிதம் இல்லாத காவல். அங்கே யார் வந்தார், எப்போது வந்தார், எந்த அறையில் இருந்தார் என்பதற்குப் பதிவேடு கிடையாது. மிஞ்சுவது இரண்டே: அங்கிருந்து உயிரோடு வெளியே வந்தவர்களின் சொல், அவர்களை வைத்திருந்த இடம். இடத்தை அழித்துவிட்டால் அவர்களின் சொல்லைச் சரிபார்க்க எதுவும் இருக்காது.

அர்ஜென்டினாவின் தலைநகர் புவெனஸ் அயர்ஸில் இருந்த கடற்படை இயந்திரவியல் பள்ளியின் கதை இதற்கு நல்ல சான்று. அதை எஸ்மா என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 1976 முதல் 1983 வரை நடந்த ராணுவ ஆட்சியில் சுமார் 5,000 பேர் அங்கே கொண்டுவரப்பட்டார்கள். பெரும்பாலோர் திரும்பவில்லை. நகரின் பெரிய சாலை ஒன்றின்மேல், மரங்கள் சூழ்ந்த வளாகத்தில், அதிகாரிகள் தங்கும் விடுதிக் கட்டடம்தான் சித்திரவதைக்கூடம். நடு மாடிகளில் அதிகாரிகள் தூங்கினார்கள். கூரைக்கடியிலும் நிலவறையிலும் கைதிகள் கண்கட்டோடு கிடந்தார்கள். ஒரே படிக்கட்டு இரு தரப்புக்கும்.

1979இல் அமெரிக்க நாடுகளுக்கிடையேயான மனித உரிமை ஆணையம் பார்வையிட வருகிறது என்றதும், கடற்படை அந்தக் கட்டடத்தை மாற்றியது. நிலவறைக்கு இறங்கும் படிக்கட்டை அடைத்தார்கள். மின்தூக்கியை அகற்றினார்கள். தப்பியவர்கள் சொல்லும் அடையாளங்கள் பொருந்தாமல் போக வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. ஆனால் சுவரும் தரையும் அந்த மாற்றத்தின் தழும்பை வைத்துக்கொண்டன. பிற்கால வழக்குகளில், படிக்கட்டு இருந்த இடத்தின் தடமே சாட்சிகளின் சொல்லுக்குப் பலமாயிற்று. 1998இல் அதிபர் மெனெம் அந்தக் கட்டடத்தை இடித்துவிட்டு தேசிய ஒற்றுமைச் சின்னம் வைக்க ஆணையிட்டார். காணாமல்போனவர்களின் குடும்பங்கள் நீதிமன்றம் போய் அதைத் தடுத்தன. 2004 மார்ச் 24 அன்று அதிபர் கிர்ச்னர் அந்த வளாகத்தை நினைவிடமாக அறிவித்தார். 2015இல் விடுதிக் கட்டடம் அருங்காட்சியகமாகத் திறந்தது. 2023இல் யுனெஸ்கோ அதை உலக பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. அங்கே சுவருக்குப் புதுச் சாயம் அடிக்கவில்லை, உடைந்த பூச்சை ஒட்டவில்லை. வழக்குகளில் அது இன்னும் சான்றுப்பொருள் என்பதால், எந்த ஆணியும் அளந்துதான் அடிக்கப்படுகிறது.

நம் ஊரிலும் இதே உண்மை ஒருமுறை நீதிமன்றத்துக்கு உறைத்தது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் அடிபட்டு இறந்தபோது, விசாரிக்கப்போன நீதித்துறை நடுவர் காவல் நிலையத்தின் கண்காணிப்புக் கேமராப் பதிவுகள் அன்றாடம் தாமாகவே அழிந்துபோகும்படி அமைக்கப்பட்டிருந்ததைக் கண்டார். அங்கே பணியிலிருந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர் லத்திகளிலும் மேசையிலும் இருந்த இரத்தக்கறையைப் பற்றி அவரிடம் சொன்னார். சான்று அழியும் என்று அஞ்சிய உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அந்தக் காவல் நிலையத்தையே வருவாய்த்துறையின் பொறுப்பில் விடச் சொன்னது. வருவாய்த்துறை அலுவலர்கள் காவல் நிலையத்துக்குக் காவல் இருந்தார்கள். மேசையும் சுவரும் லத்தியும் பேசும் என்று ஒரு நீதிமன்றம் நம்பியதன் அடையாளம் அது. கேமரா பொய்யாகலாம், பதிவேட்டைத் திருத்தி எழுதலாம். மரத்தில் ஊறிய இரத்தத்தைத் திருத்துவது கடினம்.

இனி மலைமாதேஸ்வரன் மலைக்குப் போகலாம். கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில் இருந்தாலும், சேலம், தர்மபுரி, ஈரோடு பக்கத்திலிருந்து மாதேஸ்வரனைக் கும்பிடப் போகிறவர்கள் ஏராளம். சந்தனமரக் கடத்தல்காரன் வீரப்பனைத் தேடிய இரு மாநிலக் கூட்டு அதிரடிப்படையின் முகாம் அந்த மலையில் இருந்தது. அங்கிருந்த சித்திரவதைக்கூடத்தை மலைமக்கள் ‘ஒர்க் ஷாப்’ என்று சொல்கிறார்கள். சோளகர்களும் லிங்காயத்துகளும் மலையோரத் தமிழ்க் குடியானவர்களும், வீரப்பனுக்கு அரிசி கொடுத்தார்கள், வழி காட்டினார்கள் என்ற சந்தேகத்தில் அங்கே இழுத்துவரப்பட்டார்கள். மின்சாரம் பாய்ச்சியதை, தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டதை, பெண்களுக்குச் செய்த கொடுமைகளை அவர்கள் பிற்பாடு சாட்சியமாகச் சொன்னார்கள். எத்தனையோ பேர் எந்த நடுவர் முன்பும் நிறுத்தப்படாமல் வாரக்கணக்கில் அங்கே இருந்தார்கள். நடுவர் முன் போனவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் தடா சட்டத்தில் மைசூர்ச் சிறையில் ஆண்டுக்கணக்காக அடைபட்டு, 2001இல் பெரும்பாலோர் குற்றமற்றவர்கள் என்று விடுதலையானார்கள்.

மனித உரிமை அமைப்புகள் விடாமல் போராடியதால் தேசிய மனித உரிமை ஆணையம் 1999இல் நீதிபதி சதாசிவா தலைமையில் குழு அமைத்தது. மத்தியப் புலனாய்வுத் துறையின் முன்னாள் இயக்குநர் சி.வி. நரசிம்மன் அதன் மற்றொரு உறுப்பினர். மலைமக்கள் வந்து சொன்னதைக் கேட்டு அக்குழு அறிக்கை தந்தது. 2007 ஜனவரியில் 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்க ஆணையம் பரிந்துரைத்தது. 2004 அக்டோபரில் வீரப்பன் கொல்லப்பட்டதும் தமிழக அரசு அதிரடிப்படையினர் 752 பேருக்கு ஆளுக்கு 3 லட்சம் ரூபாயும் வீட்டுமனையும் பதவி உயர்வும் அறிவித்திருந்தது. பரிசு உடனே வந்தது. இழப்பீட்டுப் பரிந்துரைக்கே அதற்குப்பின் இரண்டு ஆண்டுக்கு மேல் ஆயிற்று, அதுவும் பட்டியலில் தேறிய 89 பேருக்கு மட்டும்.

ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ நாவல் 2004இல் வெளிவந்தபோதுதான் சமவெளியிலிருந்த வாசகர்களில் பலரும் அந்த முகாம்களைப் பற்றி முதல்முறையாக அறிந்தார்கள். ஒரு வழக்கறிஞர் மலைமக்களிடம் கேட்டறிந்ததை எழுதிய நூல் அது. நினைவிடம் செய்ய வேண்டிய வேலையை ஒரு நாவல் சுமந்தது. ஆனால் நாவலைப் படிக்காதவர் அந்த மலைக்குப் போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு, எதுவும் தெரியாமலே இறங்கிவிடலாம்.

வீரப்பன் தரப்பு செய்த கொலைகளை மறந்துவிட்டு இதைப் பேச எனக்கு மனமில்லை. 1991 நவம்பரில் வனத்துறை அதிகாரி ஸ்ரீனிவாஸ் கொல்லப்பட்டார். ஆயுதமில்லாமல் மக்களோடு பழகி, கோபிநத்தத்தில் மாரியம்மன் கோயில் கட்டித்தந்த மனிதர் அவர். அவ்வூர் மக்கள் இன்றும் அவரை வணங்குகிறார்கள். 1993 ஏப்ரல் 9 அன்று பாலாறு அருகே கண்ணிவெடியில் 22 பேர் இறந்தார்கள். அவர்களை நினைப்பது நியாயம். கோபிநத்தத்தில் இன்று காட்டுச் சுற்றுலாவும் நடக்கிறது, வீரப்பன் பிறந்த ஊர் என்பதே அதன் ஈர்ப்பு. கொன்றவன் நினைக்கப்படுகிறான், கொல்லப்பட்ட அதிகாரி நினைக்கப்படுகிறார். இருவருக்கும் நடுவே மாட்டிக்கொண்டு முகாமில் தொங்கவிடப்பட்ட சோளகப் பெண்ணுக்கு மட்டும் அந்த மலையில் இடமில்லாமல் போனால், நாம் போற்றும் நினைவு பாதிதான்.

வாச்சாத்திக்குத் திரும்புகிறேன். தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் விஷயத்தை வெளியே கொண்டுவந்தன. 1992 ஆகஸ்டில் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆணையத்தின் தென்மண்டல அதிகாரி பாமதி நேரில் விசாரித்து அறிக்கை தந்தார். 1995 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் மத்தியப் புலனாய்வுத் துறைக்கு வழக்கை மாற்றியது. 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி முதன்மை அமர்வு நீதிமன்றம், உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 54 பேர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். சரியாகப் பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2023 செப்டம்பர் 29 அன்று, உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தார். 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் கொடுக்கவும், அதில் பாதியைக் குற்றவாளிகளிடம் வசூலிக்கவும், அப்போதைய ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் மீது நடவடிக்கை எடுக்கவும் உத்தரவிட்டார். உண்மையான கடத்தல்காரர்களையும் பெரிய மனிதர்களையும் காப்பாற்றவே இந்த நாடகம் நடத்தப்பட்டது என்பது அவர் தீர்ப்பின் சாரம்.

அந்தத் தீர்ப்புக்கு முன், 2023 மார்ச் 4 அன்று, நீதிபதி வாச்சாத்திக்கே போனார். சம்பவம் நடந்த இடங்களைச் சுற்றிப் பார்த்தார். முப்பது ஆண்டுக் கோப்புகள் மேசைமேல் இருக்க, தரையை நேரில் பார்க்காமல் எழுதக்கூடாது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. சட்டம் படித்தவருக்கே அது தேவைப்பட்டது என்றால், இருபது வயதில் வேலைக்குச் சேரும் வனக்காப்பாளருக்கு எவ்வளவு தேவைப்படும்?

நினைவிடத்தை வாச்சாத்தியிலேயே வைத்தால் என்ன என்று கேட்கலாம். அந்த ஊரின் பெயரே இன்று ஒரு குற்றத்தின் பெயராகிவிட்டது. செய்தித்தாளில், சட்டமன்றத்தில், பேச்சுவழக்கில் ‘வாச்சாத்தி’ என்றால் வன்புணர்வு வழக்கு. அந்த ஊரில் பிறந்து இன்று கல்லூரிக்குப் போகிற பெண் பிள்ளை தன் ஊர்ப் பெயரைச் சொன்னதும் எதிரே இருப்பவர் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அரூர் வனச்சரகத்துக்கு அந்தச் சுமை இல்லை. சாத்தான்குளம் உட்பட எந்த நிகழ்வை எடுத்தாலும் ஊரின் பெயர்தான் குற்றத்தைச் சுமக்கிறது. செய்த துறையின் பெயர் வெள்ளையாக இருக்கிறது. ஊருக்குள்ளேயே மண்டபம் கட்டி, ஆண்டுக்கொருமுறை வெளியூர்க்காரர்கள் வந்து மாலை போட்டால், இந்தச் சுமையைக் கல்லில் செதுக்கி நிரந்தரமாக்குவது போலாகும். ஏரிக்கரை அவர்களுக்குத் தண்ணீர் எடுக்கவும் மாடு கழுவவும் உள்ள இடம். அதைப் பார்வையிடமாக ஆக்க நமக்கு உரிமையில்லை. ஆலமரத்தடியில் என்ன செய்வது என்பதை அந்த ஊரார் முடிவு செய்யட்டும்.

சட்டமும் இந்தப் பக்கமே நிற்கிறது. வன்புணர்வுக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம். வாச்சாத்திப் பெண்கள் துணிந்து மேடையேறிப் பேசினார்கள், நீதிமன்றத்தில் விரல் நீட்டினார்கள். அது அவர்கள் அப்போது எடுத்த முடிவு. அவர்களின் பெயர்களைப் பளிங்கில் பொறிப்பதற்கு அதை அனுமதியாக எடுத்துக்கொள்ள முடியாது.

தர்மபுரி வட்டாரம் நடுகற்களுக்குப் பேர்போனது. தர்மபுரி அருங்காட்சியகத்தில் அவற்றை வரிசையாகப் பார்க்கலாம்: ஆநிரை மீட்டு மாண்டவன், புலியோடு போரிட்டு மாண்டவன், யாருடைய ஆட்சியாண்டு, எந்த ஊர், எவன் மகன் என்று பொறித்திருப்பார்கள். ஆகவே இடத்தைக் குறித்துவைக்கும் பழக்கம் நமக்கு வெளியிலிருந்து வரவேண்டியதில்லை. ஆனால் நடுகல் விழுந்த வீரனுக்கு, அவன் பெயருக்கு, அவன் ஊரார் எடுப்பது. அரூரில் வேண்டியது வேறு வகை. செய்தவர் யார், எந்தத் துறையின் கூரையின்கீழ், எந்த அதிகாரத்தின் பெயரால் என்று சொல்லும் குறிப்பு அது. பாதிக்கப்பட்டோர் பெயர் இல்லாமலும் அது முழுமையாக நிற்கும். எஸ்மாவை நினைவிடமாக்கியபோது அர்ஜென்டினா செய்ததும் இதுவே. கைதிகளின் வீட்டு வாசலுக்குப் பார்வையாளர்களை அனுப்பாமல், கடற்படையின் சொந்த வளாகத்துக்கு அழைத்தார்கள்.

நம் நாட்டிலும் காவல்கூடம் நினைவிடமான கதை உண்டு. அந்தமான் செல்லுலார் சிறையின் ஏழு சிறகுகளில் மூன்றுதான் இன்று எஞ்சியிருக்கின்றன. இந்தியா விடுதலை பெற்ற பின்னும் இடிப்பு தொடர்ந்தது, அங்கே அடைபட்டிருந்த முன்னாள் அரசியல் கைதிகள் எதிர்த்து நின்றதால்தான் மிச்சம் தப்பியது. 1979இல் அது தேசிய நினைவுச்சின்னமானது. பூட்டியவன் வெள்ளைக்காரன் என்பதால் அது நமக்கு எளிதாக இருந்தது. பூட்டியது நாமே தேர்ந்தெடுத்த அரசு என்றால் கை நடுங்குகிறது.

சென்னை மத்தியச் சிறை அதற்குச் சாட்சி. 1837இல் எழுந்த அந்தச் சிறையில்தான் 1976 பிப்ரவரியில், நெருக்கடிநிலையின்போது, மிசா சட்டத்தில் பிடிக்கப்பட்ட அரசியல் கைதிகளைக் கொட்டடியில் அடித்தார்கள். சென்னையின் முன்னாள் மேயர் சிட்டிபாபு அந்த அடியின் விளைவாகவே 1977 ஜனவரியில் இறந்தார் என்பது அவர் தோழர்களின் குற்றச்சாட்டு. நீதிபதி இஸ்மாயில் ஆணையம் அந்தக் கொடுமைகளை விசாரித்துப் பதிந்தது. அது இரகசியச் சிறை இல்லை, அரசிதழில் உள்ள சிறை. ஆனால் அடிபட்ட கட்சியான திமுகவே பின்னாளில் பலமுறை ஆட்சிக்கு வந்து, 2009இல் அதே கட்சி ஆட்சியில் இருக்கும்போது அந்தச் சிறை இடிக்கப்பட்டது. இடிக்கும் முன் சில நாள் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிட்டபோது கூட்டம் அலைமோதியது. மருத்துவக் கல்லூரிக்கு நிலம் தேவைப்பட்டது உண்மைதான். ஒரு தொகுதியையாவது, ஒரு கொட்டடியையாவது நிறுத்திவைத்திருக்க முடியாதா என்ற வருத்தம் எனக்கு இன்றும் தீரவில்லை. தன் தலைவர்கள் அடிபட்ட இடத்தையே காக்க நினைக்காத அரசியல், வாச்சாத்திப் பெண்கள் அடிபட்ட இடத்தைத் தானாகக் காக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

கேரளத்தின் கக்கயத்தில் கதை இன்னும் கசப்பு. 1976 மார்ச் 1 அன்று கோழிக்கோடு வட்டாரப் பொறியியல் கல்லூரி விடுதியிலிருந்து மாணவர் ராஜனைப் பிடித்துக்கொண்டு போய், மலையில் மின்வாரியத்துக்குச் சொந்தமான இடத்தில் நடந்த காவல் முகாமில் வைத்துச் சித்திரவதை செய்தார்கள். உடல் இதுவரை கிடைக்கவில்லை. தந்தை ஈச்சர வாரியர் 1977இல் தொடுத்த ஆட்கொணர்வு வழக்கு ஒரு முதலமைச்சரின் பதவியைப் பறித்தது, மகனைத் தரவில்லை. முகாம் நடந்த இடத்தைக் கவனியுங்கள்: மின்வாரியம். அரூரில் வனத்துறை. இலங்கையில் 1980களின் இறுதியில் சிங்கள இளைஞர்களைச் சித்திரவதை செய்த பட்டலந்தை, அரசு உர நிறுவனத்தின் குடியிருப்பு வீடுகள். திருகோணமலை கடற்படைத் தளத்துக்குள் இரகசியக் காவலறைகள் இருந்ததை 2015 நவம்பரில் ஐ.நா.வின் காணாமலாக்கப்பட்டோர் குறித்த பணிக்குழு நேரில் பார்த்து உலகுக்குச் சொன்னது. பட்டலந்தை ஆணைய அறிக்கையை இலங்கை நாடாளுமன்றத்தில் வைக்க 2025 மார்ச் வரை ஆயிற்று. சித்திரவதைக்கென்று கட்டடம் கட்டுகிறவர் யாருமில்லை. அன்றாட அலுவலகமும் விடுதியும் கொட்டகையும் சில இரவுகளுக்கோ சில ஆண்டுகளுக்கோ வேறொன்றாகி, பிறகு பழைய வேலைக்கே திரும்பிவிடுகின்றன. அதனால்தான் அவற்றை அடையாளம் காண்பதும் கடினம், காப்பதும் கடினம்.

கட்டடம் போய்விட்டாலும் எல்லாம் போய்விடவில்லை. சிலியின் சந்தியாகோ நகரில் வில்லா கிரிமால்டி என்ற சித்திரவதை மாளிகையை அடுக்கு வீடுகள் கட்டுவதற்காக இடித்துத் தள்ளினார்கள். அக்கம்பக்கத்தாரும் தப்பியவர்களும் போராடி 1997இல் அதை அமைதிப் பூங்காவாகத் திறந்தார்கள். அங்கே விளக்கக் குறிப்புகளைத் தரையில் பதித்திருக்கிறார்கள். கண்ணைக் கட்டியிருந்தவர்களுக்குத் துணிக்குக் கீழே தெரிந்தது தரை மட்டும்தான். வருகிறவரும் தலை குனிந்துதான் படிக்க வேண்டும். புவெனஸ் அயர்ஸில் நெடுஞ்சாலைக்காக இடித்த இன்னொரு காவல்கூடத்தின் நிலவறையை 2002 முதல் பாலத்தடியில் தோண்டி எடுக்கிறார்கள். அரூரில் அந்தப் பழைய அறைகள் எவ்வளவு மாறியிருந்தாலும், மலைமாதேஸ்வரன் மலையில் முகாம் எந்த உருவில் இருந்தாலும், தப்பியவர்கள் உயிரோடிருக்கும்வரை அவர்கள் காலால் நடந்து காட்ட முடியும்: இங்கே லாரி நின்றது, இங்கே உட்காரவைத்தார்கள், இந்தப் பக்கம் கதவு இருந்தது.

அந்த நடையை ஒளிப்பதிவு செய்து, அளந்து, வரைபடமாக ஆக்குவதே முதல் வேலை. தொல்லியல் சட்டத்தை எதிர்பார்க்க முடியாது. 1958ஆம் ஆண்டு மத்தியச் சட்டப்படி நூறு ஆண்டு பழமை இருந்தால்தான் அது தொன்மைச் சின்னம். 1917ஆம் ஆண்டின் ஆவண அழிப்புச் சட்டமோ, நீதிமன்ற ஆவணங்களைக் கெடு முடிந்ததும் அழிக்க வழி வைத்திருக்கிறது. வாச்சாத்தி வழக்கின் வாக்குமூலங்களும் புகைப்படங்களும் சான்றுப்பொருள்களும் அந்தக் கெடுவுக்குள் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்கு உயர் நீதிமன்றத்தின் ஓர் ஆணை போதும். அர்ஜென்டினா 2011இல் இதற்கென்றே தனிச் சட்டம் இயற்றி, அரச பயங்கரவாதம் நடந்த இடங்களை மாற்றவோ இடிக்கவோ கூடாது என்றது. தமிழ்நாடு சட்டமன்றத்துக்கு அப்படியொரு சட்டம் இயற்றும் தகுதி உண்டு. நீதிமன்றத் தீர்ப்பாலோ ஆணைய அறிக்கையாலோ சட்டவிரோதக் காவல் நடந்தது என்று உறுதியான இடங்கள் மட்டும் என்று வரையறுத்தால், வதந்தியை நம்பி யாருடைய கட்டடத்தையும் களங்கப்படுத்திவிடுவோம் என்ற அச்சமும் நீங்கும்.

வனத்துறையின் எதிர்ப்பு எனக்குப் புரியாமல் இல்லை. இன்று அரூரில் வேலை செய்பவர்களில் 1992இல் பள்ளிக்கூடம்கூடப் போகாதவர்கள் இருப்பார்கள். யானைத் துரத்தலிலும் காட்டுத்தீயிலும் உயிரைப் பணயம் வைக்கிறவர்கள் அவர்கள். தாங்கள் செய்யாத குற்றத்தின் பலகையைத் தினமும் கடந்து வேலைக்குப் போவது வலிக்கும். ஆனால் அந்த வலி வாச்சாத்தியில் பிறந்த பிள்ளைக்கும் இருக்கிறது, அவளும் எதையும் செய்யவில்லை. 2015 ஏப்ரலில் ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் 20 தமிழ்நாட்டுக் கூலிகள் சுட்டுக்கொல்லப்பட்டபோது, சித்தேரி மலையின் வீடுகளிலும் இழவு விழுந்தது. செம்மரத்தை விற்றுப் பணம் பார்த்தவர்கள் வெளியே இருக்க, வெட்டுக்கூலிக்குப் போனவர்கள் பிணமாகத் திரும்பினார்கள். அரூரில் பாடம் கற்கப்பட்டிருந்தால் என்று சொல்ல நான் துணியவில்லை, அது வேறு மாநிலத்தின் காடு. ஆனால் மலையாளி என்றால் மரக்கடத்தல்காரர் என்ற எண்ணம் சீருடைகளுக்குள் எவ்வளவு ஆழமாக வேரோடியிருக்கிறது என்பதற்கு இரண்டும் ஒரே சாட்சி.

ஆகவே அரூர் வளாகத்தில் ஓர் அறையை ஒதுக்கினால் போதும் என்பது என் கோரிக்கை. அலுவலகம் அலுவலகமாகவே இயங்கட்டும். அந்த அறையில் 2011, 2023 தீர்ப்புகளின் முழுத் தமிழாக்கம் இருக்க வேண்டும். தப்பியவர்கள் நடந்து காட்டிய வரைபடம் சுவரில் இருக்க வேண்டும். என்ன காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்பதை வாச்சாத்திப் பெண்கள் பெரும்பான்மையாக உள்ள குழு முடிவு செய்ய வேண்டும், வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் அதுவே இறுதி முடிவாக வேண்டும். கோயம்புத்தூர் வன உயர்பயிற்சியகத்தில் பயிற்சி பெறும் ஒவ்வொரு வனச்சரகர் அணியும் கொல்லிமலைக்கும் சித்தேரிக்கும் களப்பயணம் வரும்போது, மலைக்கு ஏறும் முன் ஒரு நாள் அரூரில் தங்கி அந்தத் தீர்ப்பை வரி வரியாகப் படிக்க வேண்டும், படித்ததைப் பற்றித் தேர்வும் எழுத வேண்டும். 18 பெண்களில் உயிரோடிருப்பவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. வரைபட வேலையை அடுத்த நிதிநிலை அறிக்கைக்காகக் காத்திருக்காமல் இந்த ஆண்டே தொடங்க முடியும்.